பூஞ்சை பிடித்த கேசட்டிலிருந்து ஆலிகேட்ஸ் மேடைக் கச்சேரி

ஆலிகேட்ஸ் என்றால் மலேசியாவில் தெரியாதவர்கள் குறைவு. பினாங்குச் சகோதரர்கள் டேவிட் ஆறுமுகமும் லோகநாதன் ஆறுமுகமும் மலாயில் பாடி நாட்டையே முணுமுணுக்க வைத்த குழு அது. கோலாலம்பூரைச் சிரிக்கச் சொல்லும் அந்தப் பாட்டு வானொலியில் வந்தால் இன்றைக்கும் காரில் யாரும் ஸ்டேஷனை மாற்றுவதில்லை. ஆனாலும் ஒரு மேடைக் குழுவாக அவர்களுக்கு உரிய பெயர் கிடைக்கவில்லை என்பது என் நெடுநாள் ஆதங்கம். மலாய் ரசிகர்கள் அவர்களைப் பழைய காதல் பாட்டுக் குழுவாக ஞாபகம் வைத்திருக்கிறார்கள். மலேசியத் தமிழ்க் கலைஞர்களைப் பற்றிப் பேச உட்கார்ந்தால் நம்மவர்கள் அவர்களை விட்டுவிடுகிறார்கள், பாடியது தமிழில் இல்லை என்பதால். இரண்டு பக்கமும் கவனிக்காமல் விட்டது மேடையைத்தான்.

ஸ்டூடியோவில் மூன்று நான்கு நிமிடத்துக்குள் அடக்கிய பாட்டு மேடையில் வேறு மாதிரி நடக்கும். முடிவை நீட்டுவார்கள், கைதட்டலைப் பார்த்துத் திரும்பவும் பல்லவிக்கு வருவார்கள். இரண்டு சகோதரர்களின் குரலும் ஒன்றின் மேல் ஒன்று ஏறி இறங்கும். லோகநாதன், ரசிகர்களுக்கு லோகா, 2007இல் காலமானார். டேவிட் குழுவைத் தொடர்ந்து நடத்தினார் என்றாலும், இருவரும் ஒரே மேடையில் நின்று பாடியதை இனிமேல் பதிவில்தான் கேட்க முடியும். அந்தப் பதிவுகளில் பல எந்த நிறுவனத்தின் அலமாரியிலும் இல்லை. ரசிகர்கள் மடியில் வைத்துக்கொண்டு பதிவு செய்த சாதாரண கேசட்டுகளில், வீடுகளில் கிடக்கின்றன. நம் ஊர் ஈரத்தில் அவை என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

செந்தூல் ரயில்வே பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவர் ஒரு பை நிறையக் கேசட் கொடுத்தார். எங்கள் ரசிகர் வட்டத்தில் எல்லாருக்கும் அவர் அங்கிள்தான். எண்பதுகளில் எங்கே ஆலிகேட்ஸ் பாடினாலும் கையடக்க ரெக்கார்டரோடு போய் உட்கார்ந்தவர். "தம்பி, தூக்கிப் போட மனசு வரல. பாடுமான்னும் தெரியல. நீ பாரு," என்றார். இந்தப் பதிவு அந்தப் பையில் இருந்த ஒரு கேசட்டைப் பற்றியது. கோலாலம்பூரில் ஒரு விருந்து மண்டபத்தில் எடுத்த சி-90, அதாவது தொண்ணூறு நிமிடக் கேசட், இரண்டு பக்கமும் நிறைந்த கச்சேரி.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். பழைய கேசட் கைக்கு வந்ததும் பிளேயரில் போட்டுப் பார்க்கத்தான் கை பரபரக்கும். போடாதீர்கள். வெளிச்சத்தில் பிடித்து, நடுவில் இருக்கும் கண்ணாடி வழியே டேப் சுருளின் விளிம்பைப் பாருங்கள். பழுப்பாக, வழவழப்பாக இருந்தால் நல்லது. வெள்ளையாகப் பொடியோ நூலோ தெரிந்தால் பூஞ்சை. அதை அப்படியே ஓட்டினால் பொடி பிளேயரில் டேப்பைப் படிக்கும் ஹெட்டில் அப்பும், டேப் ஒட்டிக்கொண்டு கிழியும், அடுத்துப் போடுகிற நல்ல கேசட்டுக்கும் தொற்றும். இந்த சி-90இன் ஒரு சுருளில் கால்வாசி விளிம்பு வெள்ளை பூத்திருந்தது.

பூஞ்சைக்கு முதல் மருந்து காயவைப்பது. கேமரா வைத்திருப்பவர்கள் வீட்டில் ஈரம் உறிஞ்சும் பெட்டி இருக்குமே, அதில் ஈரப்பதத்தை 40 முதல் 50 சதவீதத்துக்குள் வைத்துக் கேசட்டை உள்ளே போட்டேன். பெட்டி இல்லாதவர்கள் காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வைக்கலாம். வெயிலில் வைக்கவே கூடாது, டேப் நெளிந்துவிடும். நன்றாகக் காய்ந்தபின் பூஞ்சை ஒட்டும் தன்மையை இழந்து பொடியாகிவிடும். அப்புறம் முகக்கவசம் போட்டுக்கொண்டு, வீட்டுக்கு வெளியே ஐந்தடியில், அதாவது முன் நடைபாதையில், வைத்துத் துடைத்தேன். அதற்கென்று ஒரு பழைய பிளேயரைத் தனியாக வைத்திருக்கிறேன். அதில் ஹெட் கிடையாது, சுற்ற மட்டும்தான் செய்யும். டேப் போகும் வழியில் நூல் உதிராத மெல்லிய துணியை இரண்டு பக்கமும் தொட்டும் தொடாமலும் பிடித்து, மெதுவாக ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஓட்ட வேண்டும். துணியில் சாம்பல் நிறக் கோடு விழும். இடம் மாற்றிப் பிடித்து, கோடு விழாமல் போகும்வரை ஓட்ட வேண்டும்.

இதற்குக் கேசட்டின் வெளிக்கூடான பிளாஸ்டிக் ஓட்டைத் திறந்தாக வேண்டும். அந்தக் கால விலை குறைந்த கேசட்டுகளில் பல திருகாணி இல்லாமல் ஒட்டி மூடியவை. இதுவும் அப்படித்தான். ஐந்து திருகாணியுள்ள ஒரு காலிக் கேசட்டை வாங்கி, அதன் டேப்பை எடுத்துவிட்டு ஓட்டை மட்டும் வைத்துக்கொண்டேன். ஒட்டிய ஓட்டின் பொருத்து வரிசையில் கத்தியின் நுனியை வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக நெம்பினால் 'டக் டக்' என்று விட்டுக்கொடுக்கும். மேசையில் படுக்கப்போட்டு மேல் பாதியை மட்டும் தூக்க வேண்டும். நிமிர்த்தினால் இரண்டு சுருளும் சரிந்து விழுந்து, நூறு மீட்டருக்கு மேல் டேப் தரையில் கிடக்கும்.

உள்ளே பார்த்தால் எப்போதும் எனக்கு ஒரு வியப்பு. பிலிப்ஸ் 1963இல் கொண்டுவந்த அமைப்பு அப்படியே இருக்கிறது. வழுக்கும் இரண்டு மெல்லிய தாள், இரண்டு சின்ன உருளை, ஹெட்டுக்கு எதிரே ஒரு தாமிரப் பட்டை, அதன் நடுவில் நகத்தளவுகூட இல்லாத கம்பளித் துண்டு. இந்தத் துண்டுதான் டேப்பை ஹெட்டோடு அழுத்திப் பிடிக்கிறது. அங்கிளின் கேசட்டில் அதன் பசை காய்ந்து, துண்டு கழன்று ஓட்டுக்குள்ளே ஒரு மூலையில் கிடந்தது. அப்படியே ஓட்டியிருந்தால் பாட்டு போர்வைக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்டிருக்கும். டேப் கெட்டுப்போச்சு என்று பலர் தூக்கிப்போடுவது பெரும்பாலும் இந்தத் துண்டு விழுந்த கேசட்டைத்தான். புது ஓட்டில் நல்ல துண்டு இருந்ததால் சுருள்களை அதற்கு மாற்றியதோடு அந்தப் பிரச்சினை தீர்ந்தது. அங்கிள் பக்கத்தில் உட்கார்ந்து, உருளைகள் சுலபமாகச் சுற்றுகின்றனவா என்று விரல் நுனியால் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தார். பட்டறைக் கை அது. ஓர் உருளை லேசாகச் சிக்குவதை அவர்தான் கண்டுபிடித்தார். பழைய ஓட்டிலிருந்து நல்லதை எடுத்துப் போட்டோம்.

தொடக்கத்தில் வரும் பதிவில்லாத டேப்பும் காந்த டேப்பும் சேரும் இடம் விட்டுப்போயிருந்தது. ஒட்டுவதற்கென்றே விற்கும் 3.81 மில்லிமீட்டர் ஒட்டுநாடாவை முதுகுப் பக்கத்தில், அதாவது ஹெட்டில் படாத பக்கத்தில் ஒட்ட வேண்டும். வீட்டில் இருக்கும் செலோடேப் ஆகவே ஆகாது. அதன் பசை வெப்பத்தில் கசிந்து பக்கத்துச் சுற்றோடு ஒட்டிவிடும். அப்படியே ஓட்டின் முதுகிலுள்ள இரண்டு சின்னச் சதுரத் தாவலையும் உடைத்துவிட்டேன். அது இருந்தால் தவறிப்போய் ரெக்கார்ட் பொத்தான் பட்டு, முப்பது வருடத்துக்கு மேல் காத்திருந்த பாட்டின் மேலேயே பதிவு ஏறிவிடும்.

கேசட்டை ஓட்டும் டெக் விஷயத்துக்கு வருவோம். இன்றைக்குப் புதிதாக விற்கும் மலிவான யூஎஸ்பி கேசட் பிளேயர்களை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். வேகம் நிலையாக நிற்பதில்லை. பெட்டாலிங் ஜெயாவில் அம்கார்ப் மாலில் வார இறுதியில் கூடும் பழம்பொருள் சந்தையில் ஒரு பழைய ஜப்பானிய டெக் வாங்கினேன். விற்றவர் ஓடாது என்று நேர்மையாகச் சொல்லித்தான் விற்றார். திறந்தால் உள்ளே பெல்ட் கறுப்புப் பாகாக உருகி மோட்டார் புல்லியில் ஒட்டியிருந்தது. ரப்பர் பெல்ட்டுக்கு வயதானால் இப்படித்தான். ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சுக்குச்சியால் சளைக்காமல் துடைத்தெடுத்தேன். அந்தக் கறுப்பு விரலில் பட்டால் எளிதில் போகாது, கையுறை போட்டுக்கொள்வது நல்லது. பெல்ட் ஓடும் பாதையில் நூலைச் சுற்றி நீளம் எடுத்து, அதைவிடச் சற்றுக் குறைந்த சுற்றளவில் புது பெல்ட் வாங்கினேன். புடு பக்கம் ஜாலான் பாசாரில் மின்னணுச் சாமான் கடைகள் வரிசையாக இருக்கின்றன. பழைய பெல்ட்டின் துண்டைக் காட்டினால் போதும், தவுக்கே, அதாவது கடை முதலாளி, உள்ளே போய் எடுத்துக்கொண்டு வந்துவிடுவார். ஆல்கஹாலும் அங்கேயே கிடைக்கும்.

ஹெட், டேப்பை இழுக்கும் கேப்ஸ்டன் கம்பி இரண்டையும் ஆல்கஹாலால் துடைத்தேன். டேப்பை அந்தக் கம்பியோடு அழுத்தும் பிஞ்ச் ரோலர் ரப்பர் என்பதால் அதற்குச் சோப்பு நீர்தான், பிறகு ஈரத்துணி. அப்புறம் வேகம். கேசட் டேப் விநாடிக்கு 4.76 சென்டிமீட்டர் ஓட வேண்டும். 3150 ஹெர்ட்ஸ் ஒலி பதிந்த சோதனைக் கேசட்டை ஓட்டி, கணினியில் எத்தனை ஹெர்ட்ஸ் வருகிறது என்று பார்த்து, மோட்டார் முதுகில் உள்ள துளை வழியே திருகிச் சரிசெய்தேன். 3180 வந்தால் சுமார் ஒரு சதவீதம் அதிவேகம் என்று கணக்கு.

இனிமேல் சொல்லப்போவதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். ஹெட்டில் இருக்கும் மெல்லிய பிளவு டேப்புக்குச் சரியாகச் செங்குத்தாக நிற்க வேண்டும், அல்லது பதிவு செய்த ரெக்கார்டரின் ஹெட் எந்தச் சாய்வில் இருந்ததோ அதே சாய்வில் நிற்க வேண்டும். இதற்கு அசிமத் என்று பெயர். அங்கிளின் சின்ன ரெக்கார்டர் தொழிற்சாலையிலிருந்து வரும்போதே லேசாகச் சாய்ந்திருக்கலாம். டெக் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் சாய்வு பொருந்தாவிட்டால் உயர்ந்த ஒலிகள் எல்லாம் போய்விடும்: ஹைஹாட்டின் 'டிஸ்', குரலில் வரும் 'ஸ', கிதார் கம்பியின் சுரண்டல். போனதை எந்த மென்பொருளாலும் திருப்பிக் கொண்டுவர முடியாது. ட்ரெபிளை ஏற்றினால் இரைச்சல்தான் ஏறும்.

கையடக்க ரெக்கார்டர் மோனோ. அதன் ஒற்றைத் தடத்தை என் ஸ்டீரியோ டெக் இடம் வலம் என்று இரண்டாகப் படிக்கிறது. இரண்டும் ஒன்றாகவே இருக்க வேண்டும். ஆகவே ஒன்றின் ஒலி அலையைத் தலைகீழாகப் புரட்டி மற்றதோடு கலந்தேன். சாய்வு சரியாக இருந்தால் ஒன்றை ஒன்று அடித்துக்கொண்டு பாட்டு ஏறக்குறைய மறைந்துவிடும். காந்தம் ஏறாத திருப்புளியை ஹெட்டின் பக்கத் திருகாணியில் வைத்து, ஹெட்போனில் கேட்டபடி மயிரிழை மயிரிழையாகத் திருப்பினேன். 'ஸ்ஸ்ஸ்' என்று எஞ்சியிருந்த ஒலி மெலிந்து மெலிந்து, ஓர் இடத்தில் அடங்கியது. அங்கே நிறுத்திவிட்டு, புரட்டியதை மீண்டும் நேராக்கிக் கேட்டால் மண்டபமே திறந்துகொண்டது! கரண்டி தட்டில் படுவதும், டிரம்ஸ்காரர் குச்சியைத் தட்டி எண்ணுவதும், பின்னால் பாடும் குரல்கள் மூச்சு எடுப்பதும் தனித்தனியாகக் கேட்டன. அங்கிள் ஹெட்போனைக் கழற்றவே இல்லை.

பக்கம் மாறும்போது சாய்வையும் திரும்பப் பார்க்க வேண்டும். இரண்டாம் பக்கத்துக்கு இன்னும் கொஞ்சம் திருப்ப வேண்டியிருந்தது. வேலை முடிந்ததும் சோதனைக் கேசட்டை வைத்து ஹெட்டைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்துவிட வேண்டும், இல்லையென்றால் மற்றக் கேசட்டெல்லாம் மந்தமாகக் கேட்கும்.

பதிவு 96 கிலோஹெர்ட்ஸ், 24 பிட். ஒலிக் காப்பகங்களின் சர்வதேசச் சங்கம் குறைந்தபட்சம் 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் வேண்டும் என்கிறது. ஒரு மணி நேரத்துக்கு இரண்டு ஜிகாபைட் பிடிக்கும், இன்றைக்கு அது ஒன்றும் பெரிதில்லை. உச்ச ஒலி மைனஸ் 6 டெசிபலைத் தாண்டாமல் வைத்தேன். டெக்கில் இரைச்சல் குறைக்கும் டால்பி அணைத்தே இருக்க வேண்டும், கையடக்க ரெக்கார்டரில் அது இருந்திருக்காது. இடம் வலம் இரண்டும் சரியாகப் பொருந்திய பிறகு அவற்றின் சராசரியை எடுத்து ஒரே தடமாக்கினேன். பாட்டு இரண்டிலும் ஒன்று, டேப் இரைச்சல் வேறு வேறு. அதனால் மூன்று டெசிபல் வரை இரைச்சல் தானாகவே குறைகிறது, பாட்டுக்கு ஒரு சேதமும் இல்லாமல்.

கேட்கும்போது சுருதி ஏறியிருப்பது தெரிந்தது. குரல்கள் கொஞ்சம் சின்னப் பையன்கள் குரலாக இருந்தன. என் டெக்கின் வேகம் சரி என்பதால், பதிவு செய்தபோது ரெக்கார்டர் மெதுவாக ஓடியிருக்கிறது என்று அர்த்தம். பேட்டரி இறங்கினால் அப்படித்தான் ஆகும். எவ்வளவு மெதுவாக என்று எப்படிக் கண்டுபிடிப்பது? மண்டபத்தின் ஒலிபெருக்கிகளில் எப்போதும் ஒரு 'ம்ம்ம்' இருக்குமே, அதுதான் சாட்சி. நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதன் இரட்டிப்பு 100 ஹெர்ட்ஸிலும் அந்த முனகல் விழும். ஆடாசிட்டி என்ற ஒலி மென்பொருளில் ஸ்பெக்ட்ரோகிராம், அதாவது எந்த ஹெர்ட்ஸில் எவ்வளவு ஒலி என்று காட்டும் படம், போட்டு, பாட்டுக்குப் பாட்டு இடைவெளியில் பார்த்தேன். சரியாக 50இலும் 100இலும் அசையாமல் ஒரு கோடு: அது என் டெக்கின் சொந்த முனகல். அதற்குக் கொஞ்சம் மேலே 103இல் இன்னொரு மெல்லிய கோடு. மண்டபத்தின் முனகல் அது. முதல் பக்கத் தொடக்கத்தில் 103, அந்தப் பக்கம் முடியும்போது 106. கச்சேரி போகப் போக பேட்டரி தளர்ந்துகொண்டே வந்திருக்கிறது என்பது அப்படியே கண்ணில் தெரிந்தது. இரண்டாம் பக்கம் மறுபடி 101இல் தொடங்கியது. அங்கிளிடம் கேட்டேன். "ஆமா தம்பி, பக்கம் திருப்பும்போது புது பேட்டரி போட்டேன். பையில எப்பவும் வச்சிருப்பேன்," என்றார்.

103ஐ 100க்கு இறக்க வேகத்தை 2.91 சதவீதம் குறைக்க வேண்டும், 106க்கு 5.66 சதவீதம். ஆறு சதவீதம் என்றால் ஏறக்குறைய அரைச் சுரம், காதுக்குப் பெரிய வித்தியாசம். ஒரே அளவில் முழுப் பக்கத்தையும் குறைத்தால் பாதிப் பாட்டு தவறிவிடும். ஒவ்வொரு பாட்டாகப் பிரித்து, அந்தந்தப் பாட்டின் முன்னும் பின்னும் உள்ள முனகலை அளந்து திருத்தினேன். மின்சாரத்தின் அதிர்வெண்ணும் இம்மி மாறக்கூடியதுதான், அதனால் கீபோர்டு தனியாக வரும் இடத்தில் வழக்கமான 440 ஹெர்ட்ஸ் சுருதிக்குப் பொருந்துகிறதா என்றும் சரிபார்த்தேன். பொருந்தியது. லோகாவின் குரல் லோகாவின் குரலாக இறங்கி வந்த இடத்தில் நானும் அங்கிளும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

இரைச்சல் நீக்குவதில் எனக்குக் கறாரான கருத்து உண்டு. ஆறு டெசிபல், அதற்கு மேல் வேண்டாம். பன்னிரண்டு, பதினெட்டு என்று இழுத்தால் கைதட்டல் தண்ணீர் ஒழுகுவது மாதிரி ஆகிவிடும், சிம்பல் உலோகச் சத்தம் போய்க் கிணற்றுக்குள் கேட்கும். டேப் இரைச்சலைக் காது இரண்டு நிமிடத்தில் மறந்துவிடும். கெட்டுப்போன கைதட்டலை மறக்காது. ரெக்கார்டரின் தானியங்கி ஒலி அளவு செய்த வேலையையும் நான் தொடவில்லை. பலமான டிரம் அடிக்குப் பிறகு குரல் ஒரு கணம் பின்வாங்கித் திரும்பும். அதைத் திருத்தப் போனால் வேறு இடத்தில் வீங்கும்.

முக்கியமாக, மேசைப் பேச்சை வெட்டவில்லை. அங்கிளின் கூட்டாளிகள் பாட்டின் நடுவே பேசியிருக்கிறார்கள். ஒரு குரல், "டேய், சத்தம் போடாதீங்கடா, பதிவாகுது!" என்று அதட்டுகிறது. அது அவரேதான். மலாய்ப் பாட்டு, ஆங்கிலத்தில் அறிவிப்பு, தமிழில் அதட்டல், பின்னால் சீனத்தில் பரிமாறுகிறவர்களின் குரல். இந்த ஊரில் ஆலிகேட்ஸ் யாருக்குப் பாடினார்கள் என்பதற்கு இதைவிட நல்ல ஆவணம் எனக்குத் தெரியாது.

செந்தூலில் அங்கிள் வீட்டு முன்கூடத்தில் எல்லாரும் சேர்ந்து கேட்டோம். பினாங்கிலிருந்து மகள் வீட்டுக்கு வந்திருந்த ஓர் அம்மா, பாட்டு தொடங்கும் முன்பே கிதாரின் முதல் இரண்டு சுரத்தில் பாட்டின் பேரைச் சொன்னார். நான்கைந்து பேர் சேர்ந்து பின்குரல் பாடினார்கள். ஒரு பாட்டில் முடிவு வந்துவிட்டது என்று மண்டபம் கைதட்ட, குழு திரும்பவும் பல்லவியைத் தூக்க, கேட்டுக்கொண்டிருந்த நாங்களும் அதே இடத்தில் கைதட்டி ஏமாந்தோம். உடனே "திருப்பிப் போடு, திருப்பிப் போடு" என்று கூச்சல். ஆல்பத்தில் அந்தப் பாட்டு மெல்லத் தேய்ந்து மறையும். மேடையில் அதை எப்படி முடிப்பார்கள் என்பதை அங்கே பலர் அன்றைக்குத்தான் முதல் முறையாகக் கேட்டார்கள்.

இதை விற்கவோ பொதுவில் ஏற்றவோ மாட்டோம். பாடியவர்கள், எழுதியவர்கள் உரிமை அவர்களுடையது. திருத்தாத மூலப் பதிவு ஒன்று, திருத்திய பதிவு ஒன்று, இரண்டையும் தரம் குறையாமல் சுருக்கும் ஃபிளாக் கோப்பாக இரண்டு வெவ்வேறு வன்வட்டில் வைத்திருக்கிறோம். எந்தெந்தப் பாட்டுக்கு எத்தனை சதவீதம் வேகம் மாற்றினேன் என்ற குறிப்பும் கூடவே இருக்கிறது, நாளைக்கு யாராவது இன்னும் நன்றாகச் செய்ய முடிந்தால் மூலத்திலிருந்து தொடங்கட்டும் என்று. கேசட்டையும் வீசவில்லை, பழைய ஓட்டின் மேல் அங்கிள் பேனாவால் எழுதிய சீட்டை உரித்துப் புது ஓட்டில் ஒட்டிக் கொடுத்தாகிவிட்டது.

அடுத்து அதே பையில் ஒரு சி-120 இருக்கிறது. அதன் டேப் ஒன்பது மைக்ரான்தான், சி-90இல் பன்னிரண்டு இருக்கும். வேகமாகச் சுற்றினால் இழுபட்டு நீண்டுவிடும், ரோலரில் சுற்றிக்கொள்ளவும் செய்யும். அதனால் அதற்கு ஃபாஸ்ட் பார்வர்ட் பொத்தானையே தொடப்போவதில்லை, ஓட்டும் வேகத்திலேயே ஒருமுறை முழுக்கச் சுற்றித் தளர்த்திவிட்டுத்தான் பதிவு. பூஞ்சை இல்லை, கம்பளித் துண்டு மட்டும் ஆட்டம் கண்டிருக்கிறது. காலிக் கேசட் வாங்கிவர அங்கிளே கிளம்பிவிட்டார்.